சேலைக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எதை எழுதினாலும் முதலில் திட்டம் போட்டுக்கொண்டு எழுது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, எனக்கே அது விடாத பழக்கமாகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதத்திலும் அப்படியே செய்கிறேன். சிரிக்காதே. திட்டம் இல்லாவிட்டால் நான் பயத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். சொல்ல நினைப்பவை இவை:

1. கதையைச் சொல்பவர் தான் எங்கே நிற்கிறார் என்பதை மறைக்கக் கூடாது. (குடை.)
2. எல்லாம் அறிந்த குரலில் கதை சொல்வது சொல்பவருக்குப் பாதுகாப்பானது. அதனாலேயே அதில் கவனம் வேண்டும். (நான் எழுதிய கதை.)
3. நடந்த இடத்தில் இல்லாத ஒருவர், அங்கே இருந்தவரின் வாயில் ‘நான்’ என்ற சொல்லை வைக்கக் கூடாது. (நீ எழுதிய கதை.)
4. ஒரு கதையின் நடுவில் சொல்பவரை மாற்றுவது பற்றி.
5. உன் நிக்காஹ் நாள் பற்றி.

இதை நீ யாருக்கும் காட்டலாம், அச்சில் வந்தாலும் எனக்கு மறுப்பில்லை. நான் செய்த பிழை அச்சில் வந்தது. அதைப் பற்றிச் சொல்வதை மட்டும் உன் காதுக்குள் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகப் படவில்லை.

போன கிழமை நீ கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டாய்: “கதைய வாசிச்சீங்களா வாப்பா?” நான் அதை மூன்று முறை வாசித்திருந்தேன். உன் மாமி, என் தங்கை ராஹிலாவின் நிக்காஹைப் பற்றி, ராஹிலாவே சொல்வது போல நீ எழுதிய கதை. “நல்லா இருக்கு மகள். நடை நல்லா இருக்கு. ஆனா கோணம் பிழை” என்றேன். “என்ன கோணம்?” என்றாய். “நீ அங்க இருக்கல்ல. அப்ப நீ பிறக்கவும் இல்ல. மாமிட வாயில நீ எப்பிடி ‘நான்’ எண்டு எழுதுற? நானா சொல்லுற மாதிரி மாத்தி எழுது, கதைக்கு ஆழம் வரும். அந்த மனுசனுக்கும் ஒரு மனசு இருக்குத்தானே.” அந்த நானா, ராஹிலாவின் அண்ணன், நான்தான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் ஏதோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினோம். சரி என்றோ இல்லை என்றோ நீ சொல்லவில்லை. “ஃபோன வைக்கிறன் வாப்பா” என்றாய்.

குசினியில் உன் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றா மகள்?” என்று கேட்டாள். “ஒத்துக்கொண்டா” என்றேன். உம்மா கத்தியை நிறுத்தாமலே, “ஒத்துக்கொண்டாவா, இல்லாட்டி ஒண்டும் பேசாம வெச்சிட்டாவா?” என்றாள். அவளுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. எனக்கு அப்படி இருக்கவில்லை. அடுத்த நாள் உன் குறுஞ்செய்தி வந்தது: ‘அந்தக் கதையை எடுத்துவிட்டேன் வாப்பா. மற்றக் கதைகள் போதும்.’ உன் சிறுகதைப் புத்தகம் வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று முன்பே சொல்லியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும்.

முதலாவதில் தொடங்குகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வாங்கிய கிழமையே ஒரு பூப்போட்ட குடையைத் தொலைத்துவிட்டு, நனைந்தபடி வாசலில் வந்து நின்றாய். “குடை தொலைஞ்சிட்டு உம்மா” என்றாய். “குடை தொலைஞ்சிட்டா? அது எழும்பி நடந்தா போச்சு? நீ எங்க நிண்டா, அதச் சொல்லு முதல்ல” என்றாள் உம்மா. நீ யோசித்துவிட்டுச் சொன்னாய்: “நான் அங்கதான் நிண்டன். குடைதான் நிக்கல்ல.” இதை நான் பல வருடம் வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். கதை சொல்பவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார், எது அவர் கண்ணுக்குப் படவில்லை என்று தெரியாவிட்டால், அந்தக் கதையில் எல்லாம் தானாக நடக்கும். யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள் என்று விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். உன் உம்மா கேட்ட கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்கலாம் என்று அந்த வகுப்புகளில் ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

இரண்டாவது என் கதை. சண்டைக் காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு நாங்களும் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும். ஒருவருடைய தென்னங்காணியில், தென்னோலை பின்னிய கிடுகுக் கொட்டில்கள். எங்கள் கொட்டிலில் ஒரே அறை. நடுவில் என் உம்மாவின் நீலச் சேலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் நான். வாப்பா ஊரிலேயே மௌத்தாகியிருந்தார், ஆகவே ராஹிலாவுக்கு நான்தான் வலீ, அதாவது அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் பொறுப்பாளன். மாப்பிள்ளை இந்தக் கரையைச் சேர்ந்தவர், தோட்டம் செய்பவர். எங்களுக்கு ஒதுங்க இடம் தந்த மனிதர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பெண் கேட்டார்கள். அதை நாங்கள் எவ்வளவு பெரிய கௌரவமாக நினைத்தோம் என்பதை, சொந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்கு விளக்குவது கஷ்டம்.

நிக்காஹ் நாளில் நல்ல மழை. கொட்டிலுக்கு வெளியே தார்ப்பாயின் கீழ் பாய் விரித்து மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். மௌலவி வந்திருந்தார். சாப்பாடும் அவர்கள் வீட்டிலிருந்தே சமைத்து வந்திருந்தது. பலர் கூடி உண்ணும் சஹன் தட்டுகளின் மேல் மழைத்துளி விழாமல் யாரோ வாழை இலையால் மூடிக்கொண்டிருந்தார். “வலீ உள்ள பெய்த்துப் புள்ளைட சம்மதத்தக் கேட்டுட்டு வாங்க” என்று மௌலவி சொன்னார். நானும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போனோம். சேலைக்கு முன்னால் நின்று, இன்னாரின் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹர்ப் பணத்துக்கு உன்னை மணமுடித்துத் தர உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். மழை கிடுகில் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. சாட்சிகள் மரியாதைக்காக இரண்டடி பின்னால், தலை குனிந்து நின்றார்கள். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஹிலா சொன்னாள்: “கொஞ்சம் பொறுங்க நானா. நான் ஒண்டு கேக்கணும்.”

நான் பொறுக்கவில்லை. வெளியே இருந்தவர்களை நினைத்தேன். நனைகிற மௌலவியை நினைத்தேன். இடம் தந்தவர்களை, எங்கள் வாசலில் பாயில் இருத்திவைத்து, ‘பொறுங்கள், பெண் ஏதோ கேட்க வேண்டுமாம்’ என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அகதியாக வந்தவன், ஆதரித்தவனைக் காத்திருக்க வைக்கலாமா? அப்படித்தான் அப்போது என் மனம் ஓடியது. சாட்சிகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். “ஓம், சம்மதம்” என்றேன். வெளியே வந்து மௌலவியின் எதிரில் இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளை மணமுடித்துக் கொடுத்தேன்.

கன்னிப் பெண்ணின் மௌனமும் சம்மதம்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாணத்தில் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு இரக்கம் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. வாய் திறந்த பிள்ளையின் பேச்சை மௌனமாக மாற்றித்தர அது வரவில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஓதிப் படித்தவன்தானே நான்.

சில வருடம் கழித்து அதைச் சிறுகதையாக எழுதினேன். ஒரு ஞாயிறு இதழில் வந்தது. அகதி வாழ்வில் ஒரு கல்யாணம், கிடுகுக் கொட்டில், மழை, நீலச் சேலை எல்லாம் அதில் உண்டு. உண்மையில் அதிகமானவர்கள் பாராட்டியது அந்தச் சேலையைத்தான். யார் சொல்வது போல எழுதலாம் என்று நீண்ட நாள் யோசித்தேன். மணப்பெண்ணின் சகோதரன் சொல்வதாக எழுதினால் அவள் சொன்னதை எழுத வேண்டிவரும். மணப்பெண் சொல்வதாக எழுதினால் அவள் கேட்க நினைத்ததை எழுத வேண்டிவரும், அது எனக்குத் தெரியாது. ஆகவே எல்லாம் அறிந்த குரலைத் தேர்ந்தெடுத்தேன். யாருடைய வாயும் இல்லாத, யாருடைய காலும் நிலத்தில் படாத குரல். அந்தக் குரல் இப்படிச் சொன்னது: ‘சம்மதம் கேட்கப்பட்டது. சேலைக்கு அப்பால் அவள் நாணத்தால் தலை குனிந்தாள். அந்த மௌனமே ஆயிரம் சொற்களாயிற்று.’ அவள் தலை குனிந்ததை யார் பார்த்தார்? சேலை மறைத்துக்கொண்டிருந்தது. கேட்டவன் யார்? கதையில் அவன் இல்லவே இல்லை. குடை தொலைஞ்சிட்டு உம்மா.

எல்லாம் அறிந்த குரலே பிழை என்று நான் சொல்லவில்லை, மகள். பெரிய எழுத்தாளர்கள் அதை வைத்து எத்தனையோ மனங்களுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார்கள். ஆனால் பயந்த மனிதனுக்கு அது நல்ல ஒளிவிடம். நான் கொட்டிலில் செய்தது பயத்தில், ஒரு கணத்தில் செய்தது. கதையில் செய்ததை ஆற அமர இருந்து, வெட்டித் திருத்தி, நல்ல எழுத்தில் பிரதி எடுத்துச் செய்தேன். இரண்டில் எது பெரிய பிழை என்று நீ கேட்டால், இரண்டாவதுதான்.

பாடசாலைத் தமிழ் விழாவில் அந்தக் கதையை வாசிக்கச் சொன்னார்கள். ராஹிலா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. வாசித்து முடித்து, கைதட்டலும் முடிந்து, பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்தாள். “கத நல்லா இருக்கு நானா” என்றாள். பிறகு, ஏதோ அயல்வீட்டுச் செய்தி விசாரிப்பவள் போல, “கதையில வாற அந்தப் புள்ள ஆரு?” என்றாள். நான் “கற்பனைதானே” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு மகனுக்குப் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. நேரமில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். நீ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

இனி மூன்றாவது. உன் கதை ‘சேலைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்’ என்று தொடங்குகிறது. என் கதையில் வந்த அதே மழை, அதே சேலை. ஆனால் நிற்கும் இடம் வேறு. அதனால் எல்லாமே வேறாகிவிட்டது. என் கதையில் சேலை அழகாக இருக்கிறது. உன் கதையில் அதற்குப் பின்னால் மூச்சு முட்டுகிறது. என் கதையில் மழை மங்கலமாகப் பெய்கிறது. உன் கதையில் அது அவள் பேச்சை அடித்துக்கொண்டு போகிறது. உன் கதையில் நானா ஒரு குரலும் இரண்டு கால்களும் மட்டும்தான். சேலையின் கரைக்குக் கீழே தெரியும் கால்கள், கணுக்கால் வரை சேறு. அவள் பேசத் தொடங்கும்போதே அந்தக் கால்களின் விரல்கள் வாசல் பக்கம் திரும்பியிருந்தன என்று எழுதியிருக்கிறாய். நான் மூன்று முறை வாசித்தது அந்த வரிக்காகத்தான். அவன் மனதுக்குள் என்ன நடந்தது என்று ஒரு சொல்லும் இல்லையே, இப்படி ஒரு மனிதனைக் காலாக மட்டும் காட்டலாமா என்று எனக்கு நோகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் இலக்கியக் காரணம் தேடினேன். தேடினால் கிடைக்காமல் போகுமா, படித்தவனுக்கு? அங்கே இல்லாதவருக்கு ‘நான்’ என்று சொல்ல உரிமை இல்லை என்ற விதி கிடைத்தது. அந்தப் பெண் கேட்க நினைத்த கேள்வியையும் நீயே இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாய், அது நியாயமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதியபோது, அந்த விதியைச் சரிபார்க்காமல் எப்படி உனக்கு அனுப்புவது என்று தோன்றியது. ராஹிலா என்ன கேட்க நினைத்தாள் என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. பேனையை மூடிவைத்துவிட்டு பஸ் ஏறி, ராஹிலா இருக்கும் மாம்புரிக்குப் போனேன்.

உன் மாமா தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், “அடடா, மாஸ்டர் மச்சான்! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க. ஏதும் பிழ திருத்தவா வந்தீங்க?” என்று சத்தமாகச் சிரித்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். “ராஹிலா, உங்கட நானா வந்தீக்கிறாரு, தேத்தண்ணியப் போடுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, மோட்டாரைப் பார்க்கப் போனார். ராஹிலா பின்வாசலில் சாக்கு விரித்து, சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்துகொண்டு, உன் கல்யாண வேலைகள், வெயில், வெங்காய விலை என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தேன். கடைசியில் அவளே, “நானா, வெங்காயம் பாக்கவா வந்தீங்க?” என்றாள்.

“அண்டைக்கு நீ என்ன கேக்க நெனச்சா?” என்றேன்.

“எண்டைக்கு?”

“நிக்காஹ் அண்டைக்கு. கொஞ்சம் பொறுங்க எண்டியே.”

வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “அது உங்களுக்குக் கேட்டிச்சா?” என்றாள். “மழச் சத்தத்துல கேக்கல்ல எண்டுதானே நான் நெனச்சிட்டு இருக்கிறன்.”

மகள், இத்தனை வருடமும் அவள் அந்த மழையின் மேல்தான் பழியைப் போட்டு வைத்திருந்திருக்கிறாள். என் மேல் அல்ல. விழாவில் வந்து அந்தப் பிள்ளை யார் என்று கேட்டதும்கூட, நான் கேட்டும் கேளாதவனாக வந்தேன் என்று தெரிந்து கேட்டதல்ல. தான் பேசியதை நானா அறியாமலே போய்விட்டாரே என்ற கவலையில் கேட்டது. இப்போதும் ‘சரியாக் கேக்கல்ல’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். என் வாய் அதைச் சொல்ல ஒரு கணம் ஆயத்தமாகத்தான் இருந்தது.

“கேட்டிச்சு” என்றேன்.

“வடிவா, ஒரு சொல்லும் விடாமக் கேட்டிச்சா?”

“வடிவாக் கேட்டிச்சு.”

“சரி” என்றாள். வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தாள். வெட்டவில்லை, சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் மோட்டார் இரைந்து நின்று மறுபடி இரைந்தது. எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். “ஊருக்குத் திரும்பிப் போகலாமெண்டு ஒரு நாள் வந்தா, அவரும் எங்களோட வருவாரா எண்டு கேக்க நெனச்சன். அவ்வளவுதான். வேற ஒண்டுமில்ல. ஓம் எண்டாலும் இல்ல எண்டாலும் நான் கட்டித்தான் இருப்பன் நானா. தெரிஞ்சிட்டுக் கட்டுவம் எண்டு நெனச்சன்.”

“பிறகு அவரிட்டக் கேக்கல்லயா?”

“சண்ட முடிஞ்சு றோடு திறந்ததும் கேட்டன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘இத நிக்காஹ் அண்டைக்கே கேட்டீந்தா ஓம் எண்டீப்பன். அப்ப எனக்கெண்டு இஞ்ச என்ன ஈந்திச்சு? இப்ப இந்தக் கெணத்தயும் தோட்டத்தயும் விட்டுட்டு எங்க வாற?’ எண்டாரு.” அவர் பேசுவதைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தாள். “நல்ல மனுசன் நானா அவரு. பொய் சொல்லல்ல. அது வேற கத.”

அவளுடைய கூட்டாளிமார் பலர் ஊருக்குத் திரும்பி வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். பெருநாளுக்குப் போனால் அவர்களுடைய வீடுகளில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வருவாள். எங்கள் பழைய வீட்டு வளவில் இப்போது எருக்கலை நிற்கிறது என்று ஒரு முறை சொன்னாள். அதை ஏன் என்னிடம் மட்டும் சொல்கிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் கேட்டேன்: “மகள் எழுதின கதையிலயும் இந்தக் கேள்விதான் இருக்கு. அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தான் சொன்னன். போன நோம்புக்கு வந்து நிண்டாவே, அப்ப இதே இடத்துல இருந்து வெங்காயம் வெட்டிக்கிட்டே கேட்டா. எழுதி எனக்கு ரெண்டு தரம் வாசிச்சும் காட்டினா. பிழைகள் சொன்னன், மாத்தினா. நீங்க வாசிச்சீங்கதானே?”

“அந்தக் கால் திரும்பியிருந்தது?”

“அதுவும் நான் சொன்னதுதான். எனக்குத் தெரிஞ்சது அது மட்டும்தானே நானா. உங்கட முகமா தெரிஞ்சிச்சு?”

“என்னட்ட ஏன் இதெல்லாம் ஒரு நாளும் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லயே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது ஒரு தகவல்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். “உங்களப் பத்திக் கூட எழுதுங்க. என்னப் பத்திக் குறைச்சு எழுதுங்க. அழுதன் கிழுதன் எண்டு எழுதிப் போடாதீங்க, நான் அழல்ல. வெங்காயம்.” உன் மாமா அப்போதுதான் கை கழுவிக்கொண்டு வந்தார். “என்ன, நானாவும் தங்கச்சியும் என்னயப் பத்தியா கதைக்கிறீங்க?” என்றார். “ஓம், உங்கட கெணத்தப் பத்தி” என்றாள் ராஹிலா. “நல்ல கெணறு மச்சான், எந்தக் கோடைக்கும் வத்தாது” என்று அவர் பெருமையாகச் சொன்னார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஒரு சாக்கில் வெங்காயம் கட்டித் தந்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நாலாவது, சொல்பவரை நடுவில் மாற்றுவது பற்றி எழுத வைத்திருந்தேன். இங்கே பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் இரண்டு கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும்போது, ஒரு கயிற்றைப் பிடித்தவர்கள் மற்றக் கயிற்றுக்காரர் பிந்தி இழுத்ததாகச் சொல்வார்கள், அவர்கள் இவர்களைச் சொல்வார்கள், இரண்டையும் கேட்டால்தான் வலை எப்படி வந்தது என்று தெரியும் என்று ஓர் உதாரணம் தயார் பண்ணியிருந்தேன். இப்போது பார்த்தால், உன் கதைக்குள் என்னையும் ஒரு கயிறாக நுழைத்துவிடத்தான் அந்த உதாரணத்தைத் தேடியிருக்கிறேன். என் பக்கத்தைச் சொல்ல உன் கதையில் இடம் கேட்கக் கூடாது. அதற்கு இந்தக் கடிதம் இருக்கிறது. இதில் நான் ‘நான்’ என்றே எழுதியிருக்கிறேன். எழுதப் பழகாத சொல் போல அது கையில் தடக்குகிறது.

ஐந்தாவது. இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் உன் நிக்காஹ். நான்தான் வலீ. நீ எந்த அறையில் இருந்தாலும், சாட்சிகளோடு வந்து உன்னிடம் கேட்பேன். உடனே பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. ஓம் என்றால் ஓம் என்று வெளியே போய்ச் சொல்வேன். பொறுங்கள் என்றால், மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தாலும், அந்தச் சொல்லையே கொண்டுபோய்ச் சொல்வேன். கேள்வி இருந்தால் அதை மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கேட்டு, அவர் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே உன்னிடம் கொண்டுவருவேன். மௌலவியிடம் இன்றைக்கே பேசிவிட்டேன். “அதுதானே முறை மாஸ்டர், இதுல கேக்க என்ன ஈக்கிது?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த நாளிலும் எனக்குப் பயம் இருக்கும். பயந்தாலும் கால் உன் பக்கம்தான் இருக்கும்.

கடைசியாக, மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. அதை வெட்டிவிட்டுத் திட்டத்தைத் திருப்பி எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். பிறகு, திருத்திப் பிரதி எடுக்கும் என் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைவு வந்ததால், அது கிடந்தபடியே கிடக்கட்டும் என்று விட்டேன். நடந்த இடத்தில் இல்லாதவர் ‘நான்’ என்று சொல்லக் கூடாது என்றேன். அங்கே நின்றவன் நான். அவள் குரல் என் காதில் விழுந்தது. நான் சொன்ன கதை பொய். நீ பிறக்கவேயில்லை, ஆனால் அவள் பக்கத்தில் இருந்து கேட்டாய், எழுதியதை வாசித்துக் காட்டினாய், அவள் சொன்ன பிழைகளை மாற்றினாய். மாமியின் ‘நான்’ உனக்கு அவள் தந்தது. நான் உன்னிடம் அதைத் திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக்கு முன் கதையைத் திரும்பவும் புத்தகத்தில் சேர்த்துவிடு, மகள். நானாவின் மனதுக்குள் போக வேண்டாம். அந்தக் கால்களை அப்படியே விடு.

வாப்பா